ஒன்பது மில்லிமீட்டர்

வலது காலை உள்ளே விடும்போதே சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது, பிடிக்கிறது. பெருவிரல் ஆரம்பிக்கிற இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கிற எலும்பின்மேல் தோல் வந்து உட்கார்ந்து அழுத்தியது. முகத்தில் எதையும் காட்டாமல் இடது காலையும் விட்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்ததும் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது, சாய்ந்த உடம்பை இடுப்பு பின்னுக்கு இழுத்தது, முழங்கால் லேசாக மடங்கிக்கொடுத்தது, எல்லாம் ஒரே நொடியில், அவளைக் கேட்காமலே. தொண்ணூறு மில்லி ஹீல். நாலு விரல் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆம்பூர்ப் பக்கத்தில் பெண்களுக்கான ஷூ செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. புது மாடல் எதுவானாலும் முதலில் முப்பத்தேழாம் சைஸில் ஒரு ஜோடி செய்து அதை ஒரு நிஜக் காலில் போட்டுப் பார்ப்பார்கள். ஆறு வருஷமாக அந்த நிஜக் கால் அவளுடையது. போட்டுக்கொண்டு பன்னிரண்டு அடி நீளப் பலகையில் போய்த் திரும்ப வேண்டும், எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதை வைத்துத் தாஜுதீன் மாஸ்டர் கால் அச்சை, அந்தப் பிளாஸ்டிக் காலை, அரத்தால் ராவிக் குறைப்பார் அல்லது தோல்துண்டு ஒட்டிக் கூட்டுவார். அந்த அச்சைப் பார்த்து மற்ற சைஸ்கள் வரும், அப்புறம் ஆயிரக்கணக்கான ஜோடிகள். இன்றைக்குப் பலகையின் அந்தக் கோடியில் மாரித் மேடம் உட்கார்ந்திருந்தார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள், ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், போட்டிருந்தது தட்டையான கேன்வாஸ் ஷூ. எல்லாரும் அப்படித்தான், ஹீல்ஸ் பார்க்க வருகிற எந்த அம்மாவும் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்து அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஹரிணி, மடிக்கணினியும் கையுமாக. சுவரோரமாகத் தாஜுதீன் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு. “நடக்கலாங்க்கா,” என்றாள் ஹரிணி.

ஒன்று, இரண்டு. வெறுங்காலில் ஐந்து காலடியில் முடிகிற பலகை இதில் ஏழு காலடி பிடிக்கும், காலடி சின்னதாகிவிடும், யாராக இருந்தாலும் அப்படித்தான். முன்பாதத்தில் மொத்த உடம்பும் இறங்கியது. மூன்று. மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவில் அந்த எரிச்சல் வந்துவிட்டது, பட்டாணி அளவு சூடு, கொஞ்சம் போனால் மரத்துவிடும், மரத்தபின் சுகம். மாஸ்டர் இந்தத் தடவை குறைத்துவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது. போன வாரம் மேனேஜர் கத்திய கத்தலுக்கு வேறென்ன செய்வார், இரண்டு வருஷத்தில் கூட்டியதையெல்லாம் ராவி எடுத்துவிட்டுப் பழைய அளவுக்கே போயிருக்கிறார். பழைய அளவு, அதாவது பழைய சுகிர்தாவின் அளவு. வலது கால் முனகியது, அவள் முனகவில்லை. நாலு, ஐந்து. போன வாரம் மாரித் மேடத்தின் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை ஹரிணி எல்லார் முன்னாலும் படித்துத் தமிழில் சொன்னாள். முப்பத்தேழாம் சைஸ் வாங்கியவர்களிடமிருந்து புகார் மேல் புகார். கால் உள்ளே முன்னால் வழுக்கிக்கொண்டு போகிறது, விரல்கள் நுனியில் போய் நசுங்குகின்றன, குதிகாலுக்குப் பின்னால் விரல் விடுகிற அளவுக்கு இடைவெளி. மேனேஜர் மாஸ்டரைப் பார்த்து, “கண்ணு தெரியலன்னா சொல்லிடுங்க பாய், வேற ஆளப் பாத்துக்கறோம்” என்றார், தையல் செக்‌ஷனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருக்கும்போதே. மாஸ்டர் அப்போதும் கண்ணாடியைத்தான் துடைத்தார். சுகிர்தா அந்த நேரம் மேஜைக்கு அடியில் தன் கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தாள், யாரும் பார்க்கவில்லையே. ஆறு. ஏழு. திரும்ப வேண்டும். திரும்பும்போதுதான் கணுக்கால் காட்டிக்கொடுக்கும், நின்று, மூச்சை இழுத்து, இடுப்பிலிருந்து திரும்பினாள்.

பொய் சொல்லவில்லை. இதைத்தான் மூன்று மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், சமைக்கும்போது, கோயிலில் முழங்காலில் நிற்கும்போது, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வரும்போது. “முன்னால பிடிக்குது மாஸ்டர்” என்று சொன்னபோதெல்லாம் உண்மையாகவே பிடித்தது. “இன்னும் கொஞ்சமாம்மா?” என்று அவர் கேட்டு மூன்று மில்லி கூட்டினார். அடுத்த சீசனில் மறுபடியும் பிடித்தது, மறுபடியும் மூன்று, அதற்கடுத்த சீசனிலும் மூன்று. அவர் அவளை நம்பினார், அவள் தன் காலை நம்பினாள், கால் என்னவோ தன்பாட்டுக்கு அகண்டுகொண்டு போயிருக்கிறது. மூன்று மாதம் முன்னால் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகால் தரையில் பதிய மறுத்தது, பாத்ரூம் வரை விரல்நுனியில் போக வேண்டியிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு. கணவன் இன்பராஜ், “வயசாகுது உனக்கு, அவ்ளோதான்” என்று சிரித்துவிட்டு, மறுநாளும் அப்படியே அவள் போவதைப் பார்த்து, சிரிக்காமல் வேலூருக்குக் கூட்டிப்போனான். அங்கே பயிற்சி சொல்லித்தருகிற ஒரு சின்னப் பெண், டாக்டர் அனுப்பிய சீட்டைப் பார்த்தபடி, “பாதத்த முழுசா தரையில வைங்க” என்றாள். “வெச்சிருக்கேம்மா.” “இல்லீங்க, குனிஞ்சு பாருங்க.” குனிந்து பார்த்தாள். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வைத்திருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் சதை சுருங்கிப்போச்சு, பின்னால இருக்கிற நரம்பு கட்டையாயிடுச்சு என்று அந்தப் பெண் சொன்னாள். தினமும் எத்தனை மணி நேரம் ஹீல்ஸ் போடுவீங்க? ஆறு, சீசன் நேரத்தில் ஏழு. எதுக்குங்க அவ்ளோ நேரம்? வேலைம்மா. அந்தப் பெண் அவள் புடவையையும் கைப்பையையும் ஒரு தடவை பார்த்தாள், என்ன வேலையாக இருக்கும் என்று யோசிக்கிற மாதிரி. ஏர்ஹோஸ்டஸ் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் நாடா வைத்து முன்பாதத்தைச் சுற்றி அளந்தாள். இருநூற்று முப்பத்து நாலு மில்லி. கம்பெனி கணக்கில் முப்பத்தேழுக்கு இருநூற்று இருபத்தைந்து. வீட்டுக்கு வந்து தையல் மிஷினில் கிடந்த நாடாவை எடுத்து அவளே மூன்று தடவை அளந்தாள். இழுத்துப் பிடித்து அளந்தால் இருநூற்று முப்பத்து மூன்று வந்தது. ஒன்று குறைந்ததற்கு ஒரு சந்தோஷம் வந்தது பார், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“இன்னொரு தடவை,” என்றார் மாரித் மேடம், விரலைச் சுழற்றிக் காட்டி. இந்தத் தடவை பக்கவாட்டில் குனிந்து அவள் முழங்காலைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். இடுப்புக்கு மேலே கீழ்முதுகு உள்ளே வளைந்து, பின்பக்கம் தள்ளி, நெஞ்சு நிமிர்ந்து. இதைத்தான் அழகு என்கிறார்கள், நிமிர்ந்து நடக்கிறாள் என்கிறார்கள். நிமிரவில்லை, விழாமல் இருப்பதற்காக உடம்பு போடுகிற கணக்கு அது, முன்னால் சரிகிற ஒரு மூட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கிற கணக்கு. மகள் ஜோஸ்லினுக்கு இது எப்படிப் புரியும். அடுத்த மாதம் சபையில் அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள், வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது, வெள்ளை ஹீல்ஸ் வேண்டுமாம். “வேணாம், தட்டையா போடு.” “எல்லாப் பொண்ணுங்களும் போடறாங்கம்மா.” “போடட்டும்.” “நீ மட்டும் டெய்லி போடறே, அதுக்கு சம்பளமும் வாங்கறே, நான் ஒரு நாள் போடக்கூடாதா?” பதிமூன்று வயது, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் இருக்கிற வீடா இது. எலும்பு இன்னும் முற்றாத கால் என்று சொல்லியிருக்கலாம். என் காலைப் பார் என்று காட்டியிருக்கலாம். வீட்டிலும் ராத்திரி படுக்கப்போகும்வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறவள் எதைக் காட்டுவாள். சுகிர்தா சின்ன வயதில் ஹீல்ஸ் கேட்டு வாங்கியவள் இல்லை, அது தானாக வந்தது. தையல் செக்‌ஷனில் ஏழு வருஷம், மிஷின் சத்தம், பசை நாற்றம், ஒரு நாள் நாற்பது பெண்களைக் குழாயடியில் கால் கழுவச் சொல்லி வரிசையில் நிற்கவைத்தார்கள். ஒரு மரூன் நிற ஷூவைக் கொண்டுவந்து ஒவ்வொருத்தியையும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒருத்திக்கு நீளம், ஒருத்திக்குப் பித்தவெடிப்பு, ஒருத்திக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. சுகிர்தாவின் கால் உள்ளே போய் அமர்ந்ததும் மாஸ்டர் தரையில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “இந்தக் கால்தான் வேணும்” என்றார். அந்தக் கால்தான். ஆளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஏசி ரூம். உட்கார நாற்காலி. தைலமும் க்ரீமும் கம்பெனி செலவில்.

ஐந்து, ஆறு. இப்போது சொல்ல வேண்டும். சொல்லப்போவது இரண்டே வார்த்தை, ஆனால் எந்த இரண்டு. முன்னால பிடிக்குது என்றால் உண்மை, மாஸ்டர் மறுபடியும் கூட்டுவார், எங்கேயோ ஒரு ஊரில் இருநூற்று இருபத்தைந்து மில்லி கால் உள்ள ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள், விரல் நுனியெல்லாம் சிவந்து. அந்தப் பெண்ணை அவள் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் கிடையாது, கால் மட்டும். சரியா இருக்கு என்றால் பொய், ஆனால் ஷூ சரியாக இருக்கும். இது ஒரு வேடிக்கை. பொய் சொன்னால் எல்லாருக்கும் நல்லது, மாஸ்டருக்கு, அந்தப் பஸ் ஸ்டாப் பெண்ணுக்கு, அவளுக்கும். வலிக்காத மாதிரி நடந்தால் போதும், அது அவளுக்குக் கைவந்த வேலை. அப்புறம் அடுத்த மாடல்? அதற்கடுத்தது? எவ்வளவு வலித்தால் சரி, எவ்வளவு வலித்தால் தப்பு என்று எதை வைத்துச் சொல்வாள்? பழைய காலை நினைவில் வைத்துக்கொண்டு புதுக்காலால் நடப்பதா. பழைய கால் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. கல்யாணத்துக்கு மெட்டி போட்டபோது இன்பராஜின் அம்மா தடவிப் பார்த்து ஏதோ சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்றும் நினைவில்லை. ஏழு. நின்றாள்.

மாரித் மேடம் எழுந்து வந்து பின்னால் குந்தினார். குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தார், போகவில்லை. பக்கத்தை அழுத்தினார். பெருவிரல் மூட்டுக்கு மேல் அந்த விரல் வந்தபோது சுகிர்தா எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் மாதத்தின் பெயரைப் படித்தாள், எழுத்தெழுத்தாக. ஏதோ கேட்டார்.

“முன்னால எப்படி இருக்குன்னு கேக்கறாங்க அக்கா,” என்றாள் ஹரிணி.

“சரியா இருக்கு.”

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார், அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ஒன்று வந்தது, அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, மூச்சுவிடுகிற மாதிரி. மாரித் மேடம் தலையாட்டி, நாற்காலிக்குத் திரும்பி, ஹரிணியிடம் நிறையப் பேசினார். ஆங்கிலம் வேகமாகப் போனது, சுகிர்தாவுக்குப் பழைய என்பதும் தப்பு என்பதும் மட்டும் பிடிபட்டது. நின்றுகொண்டே இருந்தாள், நிற்பதுதான் நடப்பதைவிடக் கொடுமை, நடந்தால் ஒரு காலுக்காவது ஒரு நொடி ஓய்வு. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்தால் என்ன, யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனாலும் ஆறு வருஷமாகக் கழற்றச் சொன்னபிறகுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஹரிணி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். தயங்கினாள். நல்ல பெண், சென்னையிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. “மாஸ்டர், இப்போ அளவு சரியா இருக்குன்னா, ரெண்டு வருஷமா போனதெல்லாம் அச்சுல நடந்த தப்புன்னு ரிப்போர்ட்ல போடணும்ங்கறாங்க. யார் பண்ணதுன்னும் போடணுமாம். எழுதிடவா?”

மாஸ்டர் தன் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று சுகிர்தா எதிர்பார்த்தாள். இந்தப் பொண்ணு பிடிக்குதுன்னு சொல்லித்தான் கூட்டினேன் என்று ஒரு வார்த்தை, அது நியாயம்தான், அவள் மறுக்க முடியாது. அவர் திரும்பவில்லை. “எழுதிக்கம்மா,” என்றார். “கூட்டினது நான்தானே. இன்னா போடணுமோ போட்டுக்கோ.”

ஹரிணியின் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. அந்தச் சத்தம் சின்னது, மழைத்தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று சுகிர்தா யோசித்தாள். திங்கட்கிழமை தையல் செக்‌ஷன் என்று ஒரு எண்ணம், மிஷின் முன்னால் எட்டு மணி நேரம், கழுத்து வலி, சூப்பர்வைசர் விசில். அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணம், மிஷினில் உட்கார்ந்துதானே தைப்பார்கள். அதற்கும் பின்னால், அங்கே பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு, ராணி மாதிரி மேலே போனவ இறங்கி வந்துட்டா பார். சிரிக்கட்டும். சிரிக்கட்டும் என்று நினைத்தது அவளா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தட்டுகிற சத்தம் நின்றால் ரிப்போர்ட் முடிந்துவிடும், அனுப்பிவிடுவார்கள், அனுப்பியதை யார் திரும்ப எடுப்பார்கள்.

“ஹரிணி, நிறுத்தும்மா. என் கால அளந்து பாக்கச் சொல்லு.”

“என்னக்கா?”

“அளக்கச் சொல்லு. முன்பாதத்த. இது சரியா இல்ல, எனக்குப் பிடிக்குது, ரொம்பப் பிடிக்குது. ஆனா அச்சு சரியாத்தான் கீது. என் கால்தான் மாறிப்போச்சு. மாஸ்டர் மேல தப்பில்ல.”

ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்ற முயன்றாள், வலதுகால் ஷூ வரவில்லை, குதிகால் பக்கம் பிடித்து இழுத்தபோது கண்ணில் நீர் கட்டியது, வலியால்தான், வேறு எதனாலும் இல்லை. மாரித் மேடம் ஹரிணி சொன்னதைக் கேட்டு முடிப்பதற்குள் நாடாவை எடுத்துவிட்டார். தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுகிர்தாவுக்குக் கூச்சமாகப் போயிற்று, இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், விடவில்லை. பெருவிரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து கிடந்தது. புடைத்த எலும்பு சிவந்து பளபளத்தது. சுண்டுவிரலின் நகம் பாதிதான் இருந்தது. மேஜை விளக்கின் வெளிச்சத்தில், மூன்று பேர் முன்னால், இத்தனை நாள் சாக்ஸுக்குள் இருந்ததெல்லாம். ஹரிணி எண்ணைப் படித்தாள், இருநூற்று முப்பத்து நாலு, பின் பழைய ஃபைலைத் தேடி எடுத்து ஆறு வருஷம் முந்தைய தாளைப் பிரித்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் அளந்ததாக எந்தத் தாளும் இல்லை. ஒன்பது மில்லி, என்று மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. மூன்று, மூன்று, மூன்று.

மாரித் மேடம் ஒரு கேள்வி கேட்டார். ஹரிணி சொன்னாள், “எப்போலேர்ந்து வலிக்குதுன்னு கேக்கறாங்க.”

“எதும்மா, ஷூவா, காலா?”

ஹரிணிக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது, ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. மாஸ்டரின் பேர் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு வருஷம் முந்தைய அச்சே இனி ஓடும். பலகையில் நடக்கிற காலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும், ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கவிடக் கூடாது என்று மாரித் மேடம் எழுதச் சொன்னார், ஹரிணி எழுதினாள், நடக்குமா என்பதை மேனேஜர்தான் சொல்ல வேண்டும். சுகிர்தாவைப் பற்றி ஹரிணி தமிழில், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “திங்கக்கிழமை வேற ஆள் எடுப்பாங்கக்கா. உங்கள தையலுக்கு மாத்துவாங்கன்னு நினைக்கறேன். நான் பேசிப் பாக்கறேன், ஆனா...” “தெரியும்மா,” என்றாள் சுகிர்தா. தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது நடந்துவிட்டால் அதில் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை, வயிற்றில் பசி மட்டும் இருந்தது, காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

மாரித் மேடமும் ஹரிணியும் மேனேஜர் ரூமுக்குப் போனபிறகு மாஸ்டர் ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்தார். நாலு மூலையிலும் அச்சுகளை வைத்து அழுத்தினார். ஃபைலில் வைக்கணுமாம், வரைஞ்சு குடுக்கச் சொல்லிட்டுப் போறாங்க என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் காகிதத்தின்மேல் வெறுங்காலை வைத்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி, பென்சிலை நேராக நிறுத்தி, குதிகாலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். பென்சில் உள்பக்கமாக வந்து பெருவிரல் மூட்டருகே நின்றது. அங்கே கோடு வெளியே போய் வளைய வேண்டியிருந்தது. வளைத்தார், மெதுவாக, தோலில் படாமல். ஆறு வருஷம் அவர் அழுத்தியும் தடவியும் பார்த்ததெல்லாம் ஷூவுக்கு வெளியேயிருந்துதான் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான்.

அவள் யோசித்தாள். பயம் என்று சொல்லலாம். ஏசி ரூம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

“ஷூ எப்படி இருக்குன்னு தானே மாஸ்டர் கேப்பீங்க,” என்றாள்.

பென்சில் விரல்களைச் சுற்றி, ஒவ்வொரு விரலின் இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்து, சுண்டுவிரலைத் தாண்டி, புறப்பட்ட இடத்தில் போய்ச் சேர்ந்தது. அவர் காகிதத்தில் முப்பத்தேழு என்று எழுதவில்லை. சுகிர்தா, வலது என்று தமிழில் எழுதித் தேதி போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தில் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

“அந்தக் காலையும் வைம்மா,” என்றார்.